பற்று நோட்டு

நாணல்துறைக்கு இறங்குகிற சரிவில்
என் கடை. தகரக் கூரை, மூன்று பலகை.
சீயக்காய், ஷாம்பு, நல்லெண்ணெய், ஈரிழைத் துண்டு,
பரிகாரத்துக்கு வருகிறவர்கள் ஆற்றில் விட்டுப்போக
நூறு ரூபாயில் ஒரு வேட்டி.
விற்றதை அன்றன்றே எழுதிவைப்பேன்.
அது நேர்மை இல்லை, பயம்.
மொத்தக்கடைப் பிரமநாயகத்துக்குச்
சனிக்கிழமை கணக்கு ஒப்பிக்க வேண்டும்.

யாரோ ஒரு பையன் மருதமர நிழலையும்
பாறைமேல் நுரைக்கிற தண்ணீரையும்
அரை நிமிடப் படமாகச் செல்போனில் விட்டான்.
அடுத்த ஞாயிறு
வேன்கள் கீழ்முக்கு வரை நின்றன.
எனக்குச் சந்தோஷந்தான். பொய் சொல்லுவானேன்.
மகனுக்குப் பாலிடெக்னிக் பீஸ் கட்டினேன்.
எலெக்ட்ரானிக் தராசு தவணையில் எடுத்தேன்.

புரட்டாசியில் கிராம சபை.
பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் ஜமுக்காளம்.
மீன்பிடிக்கிற பலவேசம் எழுந்தான்:
"வலைய வீசுனா வேட்டிதான் வருது.
அயிரையப் பார்த்து மூணு மாசம் ஆச்சு.
ராத்திரி நீர்நாய் கத்துத சத்தமும் இல்ல."
வந்திருந்த அதிகாரி நல்ல மனுஷர்தான்.
பேனாவை மூடியபடி கேட்டார்:
"எத்தனை பேர் வர்றாங்க, என்னென்ன போடுறாங்க,
கணக்கு இருக்கா? அது இல்லாம
மேலே நான் என்னன்னு எழுத?"

கூட்டம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தது.
வாய்க்கால் பாசனக்காரர்களிடம் ஆத்திரம் இருந்தது.
மரியசெல்வம் டீச்சரிடம்
பிள்ளைகள் வரைந்த அட்டை இருந்தது.
கணக்கு
என் மடியில் இருந்தது.

எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.
முட்டுவலி என்று நினைத்திருப்பார்கள்.

வாசித்தேன்.
ஆடி அமாவாசை: ஷாம்பு எண்ணூற்றுப் பன்னிரண்டு,
வேட்டி நூற்று நாற்பது, சேலை அறுபத்தொன்று.
அதற்கடுத்த ஞாயிறு: ஷாம்பு அறுநூற்றைந்து.
மழை பெய்த செவ்வாய்: நாலு, ஒரு தீப்பெட்டி.
"இதுல ஒண்ணுகூடத்
திரும்ப மேட்டுக்கு ஏறி வரலய்யா.
வித்தது நான். வாங்கிக்கிட்டது ஆறு."

பின்னாலிருந்து உய்க்காட்டான்,
அவன் வேனுக்கு இன்னும் பதினாலு தவணை, எனக்கும் தெரியும்,
"ஏ முப்பிடாதி, ஒன் வயித்துல
நீயே மண்ணப் போடுதியே" என்றான்.
பதில் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.
கை தூக்கச் சொன்னபோது
என் கை பாதியில் நின்று, பிறகுதான் போனது.
அவன் கடைசிவரை தூக்கவில்லை.

நாளைக்கு முப்பது வண்டி.
சோப்பும் ஷாம்பும் விடுகிற துணியும்
சரிவுக்கு மேலேயே நின்றுகொள்ள வேண்டும்.
வீட்டுக்கு ஒரு ஆள், முறைவைத்துக் காவல்.
கார் சாகுபடிக்குத் தண்ணீரை முறைவைத்த ஊர்
ஆட்களை முறைவைத்தது அதுதான் முதல் தடவை.

ஐந்து டிராக்டர் துணி எடுத்தோம்.
கரையில் இழுத்துப் போட்டபோது
என்னிடம் வாங்கிய நீலக்கரை வேட்டிகள்
எனக்கு அடையாளம் தெரிந்தன.
யாரிடமும் சொல்லவில்லை.
இழுத்துக்கொண்டே இருந்தேன்.

இப்போது வாடகைக்குச் செம்பு வைத்திருக்கிறேன்.
மேலே தொட்டியடியில் தேய்த்துக் குளித்துவிட்டு
கீழே வந்து வெறுமனே முங்கி எழலாம்.
வியாபாரம் மூன்றில் ஒரு பங்கு.
தராசுத் தவணை நிற்கிறது.

நேற்று என் முறை.
முப்பத்தோராவது வண்டியின் சன்னலில்
கைக்குழந்தைக்காரி ஒருத்தி
"விருதுநகர்லருந்து வாறோம்க்கா" என்றாள்.
கயிற்றைப் பிடித்திருந்த கை எரிந்தது.
"திங்கக்கிழம வா தாயி, கூட்டமே இருக்காது."
திங்கட்கிழமை அவள் புருஷனுக்கு
யார் லீவு கொடுப்பார்கள்?

ராத்திரி நோட்டில் எழுதினேன்:
வண்டி முப்பது. திரும்பியது பதினொன்று.
செம்பு நாற்பத்தாறு.
நீர்நாய்ச் சத்தம் கேட்டதாகப்
பலவேசம் சொல்லுகிறான்.
நான் கேட்கவில்லை.
அந்த வரியை மட்டும்
காலியாக விட்டிருக்கிறேன்.